சொந்த ஊர் மேட்ச்: ஆசை எவ்வளவு, கணக்கு எவ்வளவு?

கோவைக்கென்று ஓர் அணி இருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்ச் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே கோவை பேக்கரிகளில் ரிசல்ட் வந்துவிடும். "நம்ம ஊர்ல வந்து நம்மள அடிச்சுட்டுப் போயிருவாங்களா? மூணு சைபர்ங்கண்ணா, எழுதி வெச்சுக்கங்க." அதே நேரம் போனைத் திறந்தால் ஏதோ ஒரு ஸ்கோர் ஆப் வேறு கதை சொல்லும்: வெற்றி 51%, டிரா 25%, தோல்வி 24%. சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், நல்ல ஃபார்ம் எல்லாம் இருந்தும் வெறும் 51தானா? எதிரணியைப் பார்த்துப் பயப்படச் சொல்கிறதா? இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, சொந்த ஊர் என்பதற்கு அதில் எவ்வளவு இடம் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். நம் ஊரிலேயே நடந்த ஒரு மேட்சை வைத்து அதைச் சரிபார்க்கவும் முடியும்.

ஹோம் மேட்ச் என்றால்

லீக் போட்டியில் வழக்கமாக ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் இரண்டு முறை ஆடும். ஒரு முறை தன் மைதானத்தில், ஒரு முறை அவர்கள் மைதானத்தில். தன் மைதானத்தில் ஆடுவது ஹோம், வெளியூரில் ஆடுவது அவே. வென்றால் 3 புள்ளி, டிரா என்றால் 1, தோற்றால் எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஹோமும் அவேயும் சமமாக வருவதால், சொந்த மைதானத்தின் லாபம் சீசன் முடிவில் சரிக்குச் சரியாகிவிடும் என்பது லீகின் ஏற்பாடு. ஆனால் நாம் பார்க்கப் போவது ஒரே ஒரு மேட்ச். அந்த ஒரு மேட்சில் லாபம் ஒரு பக்கம்தான் இருக்கும்.

சென்னை சிட்டி அணிக்கு அந்தப் பக்கம் கோவை நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை இருந்தாலும், ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீகின் 2017-18 சீசனிலிருந்து அவர்கள் ஹோம் மேட்ச் ஆடியது இங்கேதான். முதல் சீசனில் 10 அணிகளில் 8ஆம் இடம். அடுத்த சீசனில், 2019 மார்ச் 9ஆம் தேதி, அதே புல்தரையில் சாம்பியன். அந்த மேட்சைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

லாபம் எங்கிருந்து வருகிறது

1. பயணம். வெளியூர் அணி விமானம், பஸ், ஹோட்டல், வேறு சாப்பாடு, வேறு தூக்கம் என்று வந்து சேர்கிறது. இந்திய லீகில் இது சின்ன விஷயம் இல்லை. ஐஸ்வாலிலிருந்தோ ஸ்ரீநகரிலிருந்தோ கோவைக்கு வர விமானம் மாறித்தான் ஆகவேண்டும். ஒரு நாள் அதிலேயே போய்விடும். ஐரோப்பாவில் பல நாடுகளின் லீகில் இவ்வளவு தூரமே கிடையாது.

2. தரையும் காற்றும். சில மைதானங்கள் செயற்கைப் புல், சில இயற்கைப் புல். பந்து எழும்புவதும் உருளுவதும் வேறுபடும். உயரம் இன்னும் கொடியது. பொலிவியாவின் லா பாஸ் நகர மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் மேலே இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று மாரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா, மெஸ்ஸியோடு போய், அங்கே 6-1 என்று தோற்று வந்தது. கோவையின் உயரம் சுமார் 400 மீட்டர்; அதனால் யாருக்கும் மூச்சு வாங்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்பது இங்கேயே பயிற்சி எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான்.

3. வீரர்களின் உடம்பு. சொந்த மைதானத்தில் ஆடுவதற்கு முன் வீரர்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு வெளியூர் மேட்சை விடக் கூடுதலாக இருந்ததாக 2003இல் நீவ், உல்ஃப்சன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தன் இடத்தைக் காக்கிற வேகம் உடம்பிலேயே தெரிகிறது என்பது அவர்கள் விளக்கம்.

4. நடுவர். எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கூட்டம் பேசுவது நடுவரிடம்

பிரதான ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, கோட்டுக்கு ஓரடி உள்ளே, ஓரத்தில் ஆடும் நம் விங்கர் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார். தடுக்க வரும் எதிரணி டிஃபெண்டர் சறுக்கி வந்து காலை நீட்டுகிறார். பந்தில் பட்டதா, கணுக்காலில் பட்டதா? பத்து மீட்டர் தள்ளி ஓடிவரும் நடுவருக்கு நடுவில் இன்னொரு வீரரின் முதுகு மறைக்கிறது. முடிவெடுக்க அவருக்கு இருப்பது ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிக்குள் ஸ்டாண்டில் இருந்து ஆயிரக்கணக்கான குரல்கள் ஒரே நேரத்தில் "ஃபவுல்!" என்று எழுகின்றன. அதே டேக்கிளை நம் டிஃபெண்டர் செய்தால் ஸ்டேடியத்தில் சத்தமே இருக்காது.

நடுவர் வேண்டுமென்றே சாய்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தது பாதி, யூகித்தது பாதி என்கிற நிலையில் காதில் விழுவதும் ஒரு தகவலாக உள்ளே போய்விடுகிறது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளியான நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆய்வில் 40 நடுவர்களுக்கு ஒரே மேட்சின் 47 டேக்கிள்களை வீடியோவில் காட்டினார்கள். ஒரு பகுதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் சுமார் 15% குறைவு. காட்சி ஒன்றுதான், மாறியது சத்தம் மட்டும்.

ஸ்பெயின் லீகை வைத்து 2005இல் வந்த இன்னோர் ஆய்வு கூடுதல் நேரத்தைப் பார்த்தது. 90 நிமிடம் முடிந்த பின் எத்தனை நிமிடம் சேர்ப்பது என்பது நடுவரின் கையில். சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கி இருந்தால் நேரம் நீள்கிறது. ஒரு கோல் முன்னே இருந்தால் சுருங்குகிறது. மேட்ச் எப்படியும் முடிந்துவிட்ட நிலையில், அதாவது வித்தியாசம் இரண்டு கோலோ அதற்கு மேலோ ஆனால், இந்தச் சாய்வு காணாமல் போகிறது. கோவையில் நடந்த ஐ-லீக் மேட்சுகளில் வி.ஏ.ஆர். என்கிற வீடியோ மறுஆய்வு இருந்ததில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவரின் அந்த ஒரு விநாடிதான் கடைசித் தீர்ப்பு.

நேரு ஸ்டேடியத்தில் நமக்கு ஒரு குறையும் உண்டு. புல்தரையைச் சுற்றி ஓட்டப்பந்தய டிராக் போகிறது. ஸ்டாண்டுக்கும் கோட்டுக்கும் இடையே அத்தனை தூரம் காலி. கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்களில் முதல் வரிசை ரசிகர், கோட்டோரம் ஓடும் துணை நடுவரான லைன்ஸ்மேனின் காதுக்குப் பக்கத்தில் இருப்பார். இங்கே அதே சத்தம் போய்ச் சேர இரண்டு மடங்கு கத்த வேண்டும்.

காலி ஸ்டேடியம் காட்டிக்கொடுத்தது

பயணமும் தரையும் அப்படியே இருக்க, கூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கொரோனா வந்து அந்தச் சோதனையை உலகம் முழுக்க நடத்திவிட்டது. பெரும்பாலும் ஆளில்லாத ஸ்டாண்டுகளோடு நடந்த 2020-21 இங்கிலீஷ் பிரீமியர் லீகின் 380 மேட்சுகளில் ஹோம் அணி வென்றது 144, அவே அணி வென்றது 153. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் அவே வெற்றிகள் அதிகமானது அதுதான் முதல் முறை. ஜெர்மனியில் 2020 மே மாதம் காலி ஸ்டேடியங்களோடு லீக் திரும்பத் தொடங்கியபோதும் ஹோம் வெற்றிகள் சட்டென்று குறைந்தன.

ஆக, டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்து கத்துகிற ரசிகர் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர் அல்ல. மேட்சின் கணக்கில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதுதான் அடுத்த கேள்வி.

51 எப்படி வந்தது

கால்பந்தில் கோல் என்பது அரிய சமாச்சாரம். 2022 உலகக் கோப்பையின் 64 மேட்சுகளில் மொத்தம் 172 கோல். ஒரு மேட்சுக்கு 2.7கூட இல்லை. இப்படி அரிதாக, முன்பின் சொல்லாமல் நடக்கும் விஷயங்களுக்கு போய்சான் பரவல் என்ற பழைய கணிதச் சூத்திரம் நன்றாகப் பொருந்துகிறது. சராசரி தெரிந்தால் போதும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று கோல் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்று அது பிரித்துக் கொடுத்துவிடும்.

சராசரியை இப்படிப் போடுவார்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை:

1. லீகில் ஹோம் அணி சராசரியாக அடிப்பது 1.4 கோல், அவே அணி அடிப்பது 1.1 என்று வைத்துக்கொள்வோம்.
2. நம் அணி சராசரியை விட 20% கூடுதலாகக் கோல் அடிக்கிறது. எதிரணி சராசரியை விட 5% குறைவாக வாங்குகிறது. 1.4 × 1.2 × 0.95, அதாவது நமக்கு சுமார் 1.6 கோல்.
3. எதிரணியின் தாக்குதல் சராசரி. நம் டிஃபென்ஸ் சராசரியை விட 10% நல்லது. 1.1 × 1 × 0.9, அதாவது அவர்களுக்கு சுமார் 1 கோல்.
4. 1.6, 1 என்ற இரண்டு எண்களையும் சூத்திரத்தில் போட்டு, நம் கோல் அதிகம் வரும் ஸ்கோர்களை எல்லாம் கூட்டினால் வெற்றி 51%. சமமாக வருபவை 25%. மிச்சம் 24%.

இப்போது இதே இரண்டு அணிகளைப் பொதுவான ஊரில், யாருக்கும் சொந்தமில்லாத மைதானத்தில் ஆடவிடுங்கள். 1.4, 1.1 என்பதற்குப் பதில் இருவருக்கும் 1.25. கணக்குப் போட்டால் நம் வெற்றி வாய்ப்பு 44%. அவர்கள் ஊருக்குப் போனால் 36-37%. அதாவது நேரு ஸ்டேடியம் நமக்குத் தருவது பொது மைதானத்தை விட ஏழு சதவீதப் புள்ளி. இதே மேட்சை நூறு முறை ஆடினால் ஏழு முறை கூடுதலாக ஜெயிப்போம். கையில் வந்த ஏழை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் "நம்ம ஊர்ல அடிக்க முடியாது" என்று சொல்லுமளவுக்கு அது போதாது.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. எல்லா ஸ்கோரிலும் அதிக வாய்ப்புள்ளவை 1-0, 1-1. இரண்டுக்கும் தலா 12%தான். மேட்சுக்கு முன் மிகச் சரியான ஸ்கோரைச் சொன்னவரும் நூற்றுக்கு 88 முறை தோற்பார். பேக்கரியில் பந்தயம் கட்டுபவர்கள் ஸ்கோரைச் சொல்லிக் கட்டாதீர்கள். டீக்காசு அநியாயமாகப் போகும்.

51% என்றதும் ஆப் கையை விரிக்கிறது என்று நினைப்பவர்கள் வானிலை அறிக்கையை நினைத்துக்கொள்ளலாம். 70% மழை என்று சொன்ன நாளில் மழை வராமல் போனால் அறிக்கை பொய்யாகிவிடாது. 70% என்று சொன்ன நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பத்தில் ஏழு நாள் நனைந்திருக்க வேண்டும், அதுதான் சோதனை. கால்பந்துக் கணிப்பும் ஒரு மேட்சில் நிரூபணமாவதோ பொய்ப்பதோ இல்லை.

2019 மார்ச் 9: ஒரு மேட்சில் இரண்டு கணக்கு

லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் சிட்டிக்கு எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. இரண்டு அணிகளும் புள்ளியில் சமமானால் நேருக்கு நேர் ஆடிய மேட்சுகள் பார்க்கப்படும். சிட்டி அந்த சீசனில் ஈஸ்ட் பெங்காலை இரண்டு முறையும் வென்றிருந்தது.

அன்றைக்கு ரசிகர்கள் "ஜெயிப்போமா" என்ற ஒரே கேள்வியில் நின்றார்கள். அது இயல்பு. ஆனால் கோப்பைக்கான கேள்வி வேறு. கோப்பை கைநழுவ இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடக்க வேண்டும்: சிட்டி வெல்லாமல் போக வேண்டும், அதே நேரம் ஈஸ்ட் பெங்கால் வெல்ல வேண்டும். ஒன்று மட்டும் நடந்தால் கோப்பை நமக்கே.

நம் எடுத்துக்காட்டு எண்ணையே இங்கே போடுவோம். சிட்டி வெல்லாமல் போக 49%. ஈஸ்ட் பெங்கால் வெளியூரில் வெல்ல 45% என்று தாராளமாகவே வைப்போம். இரண்டும் சேர 0.49 × 0.45, சுமார் 22%. மேட்ச் ஜெயிக்க 51% வாய்ப்புள்ள அணிக்குக் கோப்பை வாய்ப்பு 78%! இந்த வித்தியாசம் தெரியாமல்தான் லீக் கடைசி நாட்களில் ரசிகர்கள் தேவைக்கு அதிகமாக நகம் கடிக்கிறார்கள்.

அப்புறம் மேட்ச் தொடங்கியது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. மிச்சமிருக்கும் 87 நிமிடத்துக்கு அதே சூத்திரத்தைப் போட்டால் சிட்டியின் வெற்றி வாய்ப்பு 51இல் இருந்து 26% ஆக விழுகிறது. சரி, பாதியாகிவிட்டது. ஆனால் கோப்பை வாய்ப்பு? 78இல் இருந்து 67தான். மூன்றில் இரண்டு பங்கு இன்னும் கையில் இருந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தால்தான் அந்தக் கோல் நம்மைக் கொல்லும்.

ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கவும் செய்தது. கோகுலம் முதலில் கோல் அடித்தும் கடைசிக் கட்டத்தில் திருப்பி 2-1 என்று முடித்து 42 புள்ளிக்குப் போனது. கோவையில் டிரா ஆகியிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். இரண்டாம் பாதியில் சிட்டியின் பெட்ரோ மான்சி பெனால்டியை உள்ளே போட்டார், சமம். பெனால்டி என்பது சுமார் நான்கில் மூன்று கோலாகும் வாய்ப்பு, அந்த சீசனில் 21 கோல் அடித்தவர் காலில் அது இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் மேட்சை ஜெயித்துக் கொடுத்த மற்ற இரண்டு கோல்களும் கௌரவ் போரா என்கிற டிஃபெண்டருடையவை. 3-1. சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. எந்தக் கணிப்பும் போராவின் பெயரைச் சொல்லியிருக்காது. அணியின் சராசரியைத்தான் சூத்திரம் பார்க்கும். யார் அடிப்பார் என்பதைப் பார்ப்பதற்குத்தான் நாம் ஸ்டேடியத்துக்குப் போகிறோம்.

ரசிகர்கள் சறுக்கும் இடங்கள்

கடைசி மூன்று மேட்சை வைத்து ஃபார்ம் பார்ப்பது முதல் சறுக்கல். ஒரு மேட்சில் விழுவதே இரண்டு மூன்று கோல் என்னும்போது மூன்று மேட்ச் என்பது மிகச் சின்ன அளவு. குறைந்தது பத்துப் பன்னிரண்டு மேட்சாவது பாருங்கள். விழுந்த கோலைவிட உருவான வாய்ப்புகளைப் பார்ப்பது இன்னும் நல்லது. எக்ஸ்.ஜி. என்று டிவியில் வருவது அதுதான்: ஒவ்வொரு ஷாட்டும் அடித்த இடம், கோணம் எல்லாம் பார்த்துக் கோலாக எத்தனை வாய்ப்பு என்று எண் போட்டுக் கூட்டுவது.

மைதானத்தையே கோப்பையாக நினைப்பது இரண்டாவது. தமிழ்நாட்டு ரசிகருக்கு இதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. சென்னையின் எஃப்.சி. (சென்னை சிட்டி அல்ல, வேறு அணி) 2015இல் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது கோவா அணியின் சொந்த ஊரான ஃபடோர்டாவில், 3-2. மறுபடி 2018 மார்ச் 17இல் வென்றது பெங்களூரு அணியின் சொந்த கண்டீரவா ஸ்டேடியத்தில், அதுவும் 3-2. பெங்களூருவின் சுனில் சேத்ரி முதல் கோல் அடித்த பிறகு. அந்த இரண்டு நாளும் எதிர் ஸ்டாண்டில் இருந்தவர்கள் "நம்ம ஊர்ல அடிச்சுருவாங்களா" என்றுதான் வந்திருப்பார்கள். 2014இல் பெலோ ஹொரிசான்டேயில் ஜெர்மனியிடம் 7-1 வாங்கிய பிரேசில் ரசிகர்களும் அப்படித்தான்.

மூன்றாவது, யார் ஆட மாட்டார்கள், யார் களைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கணிப்பது. மஞ்சள் அட்டை சேர்ந்து தடையில் இருப்பவர், காயத்தில் இருப்பவர், மூன்று நாளுக்கு முன் இன்னொரு மேட்ச் ஆடியவர் யார் யார் என்று பார்த்த பிறகுதான் 51ஐக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கோல் அடிக்கும் முக்கிய ஸ்ட்ரைக்கர் இல்லையென்றால் சொந்த மைதானம் தந்த ஏழு புள்ளி அங்கேயே கரைந்துவிடலாம்.

ஏழு புள்ளியை இழப்பது எப்படி

சொந்த மைதானத்தின் லாபம் சொந்த மைதானம் இருந்தால்தான். சாம்பியன் ஆனதால் சென்னை சிட்டிக்கு ஆசியப் போட்டிகளின் கதவு திறந்தது. ஆசியக் கூட்டமைப்பின் போட்டிகளுக்கு இருக்கை, விளக்கு, வீரர் அறை என மைதானத்துக்கே தனித் தகுதி வேண்டும். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. பேப்பரில் அது ஹோம் மேட்ச். ஆடியது அகமதாபாத்தில். முடிவு 0-1. கோவைக் கூட்டம் நேரு ஸ்டேடியத்தில் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே போட்ட கணக்கே அப்படிச் சொல்ல விடாது. ஆனால் ஒரு கோலில் தீர்ந்த மேட்சில் நம் பங்கு மொத்தமும் வெளியே நின்றது.

அடுத்த சீசனின் ஐ-லீக் கொரோனாவால் முழுக்க மேற்கு வங்கத்திலேயே நடந்தது. அதன்பின் சென்னை சிட்டியும் லீகில் இல்லை. இன்று கொங்கு நாட்டு ரசிகர் கேரளாவுக்கும் சென்னைக்கும் ரயிலேறிப் போய் அடுத்த ஊரின் ஹோம் மேட்சுக்குக் குரல் கொடுக்கிறார். திருப்பூரில் தைத்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அங்கே கத்துவதும் நல்லதுதான். ஆனால் கோவையில் மறுபடி ஓர் அணி வேண்டும் என்று கேட்பவர்கள் அணியோடு சேர்த்து மைதானத்தையும் கேட்க வேண்டும்: ஆசியத் தகுதிக்கு ஏற்ற விளக்குகள், இருக்கைகள், முடிந்தால் டிராக் இல்லாத, கோட்டுக்கு ஒட்டி ஸ்டாண்ட் உள்ள ஒரு தனிக் கால்பந்து மைதானம்.